தாண்டுவதற்கென்றே வளர்த்த கால்

குளக்கரையில் நீளம் தாண்டும் போட்டி முடிந்தது. ஜெயித்த குட்டித் தவளைக்கு அடுத்த மழைவரை விடுமுறை.

"அதுவரைக்கும் பையனைக் கொஞ்சம் நீந்த விடுங்களேன் சார். காலும் மூச்சும் பலப்படும்" என்றது கோச் ஆமை.

அப்பா தவளைக்குக் கோபம் வந்துவிட்டது. "தாண்டுறதுக்குன்னே வளர்த்த கால் மாஸ்டர் இது! வால் உதிர்ந்த அன்னைக்கே நீச்சலை நிறுத்திட்டோம். அதெல்லாம் வேலையில்லாத வாத்துப் பிள்ளைங்களுக்கு."

விடுமுறை முழுக்கக் குட்டி அதே பாறையிலிருந்து அதே தாண்டலைத் தாண்டியது. முழங்கால் வீங்கியது. "சாம்பியன்னா வீங்கத்தான் செய்யும்" என்றார் அப்பா, பெருமையாக.

மழை வந்தது, போட்டியும் வந்தது. குட்டி தாண்டியது பாருங்கள், அப்படியொரு தாண்டல்! மணல்திட்டையும் கோரைப்புல்லையும் கடந்து நடுக்குளத்தில் போய் விழுந்தது.

"அப்பா, முழுகுறேன்!"

ஆமை பதறித் தண்ணீரில் இறங்கப் போனது. அப்பா வழிமறித்தார்.

"நில்லுங்க மாஸ்டர்! நீங்க பாட்டுக்குத் தூக்கிட்டா, எங்க விழுந்தான்னு எப்படி அளக்கிறது?"

பிறகு குளத்தைப் பார்த்துக் கத்தினார். "டேய், டேப் வர்ற வரைக்கும் அசையாம கெட!"