இரண்டு உருவ மாப்பிள்ளை

ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் நிதால் வெள்ளிக்கிழமை பெண் கேட்டு வருவதாக இருந்தது. அவருடைய கிளினிக்கின் இணையப் பக்கத்தில் படத்தைப் பார்த்ததிலிருந்து மப்ரூக்காவுக்கு நிம்மதி இல்லை.

“நம்ம கம்ப்யூட்டர்ல ஒல்லியா, உயரமா இருக்கான். உன் சித்தி வீட்டுக் கம்ப்யூட்டர்ல பார்த்தா தர்பூசணி மாதிரி இருக்கான். ஏதோ ஏமாத்து வேலை.”

“இல்லம்மா,” என்றாள் இணையப் பக்கங்கள் வடிவமைக்கும் மகள் ரிஹாப். “படத்தோட நீள அகலத்தைச் சரியா சொல்லலேன்னா, ஒவ்வொரு பிரவுசரும் தன் இஷ்டத்துக்கு இழுத்துக் காட்டும்.”

“நீ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குற?”

மறுநாள் இரண்டு வீட்டிலும் படம் ஒரே மாதிரி தெரிந்தது. மப்ரூக்காவின் சந்தேகம் இன்னும் வலுத்தது.

“நாம பேசினது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் விருந்தும் கிடையாது, சம்பந்தமும் கிடையாது. வர வேண்டாம்னு சொல்லிடறேன்.”

போனை எடுத்த அம்மாவின் கையை ரிஹாப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் மேல தப்பில்லம்மா. அந்தப் பக்கத்தைச் செஞ்சதே நான்தான். நேத்து நானே சரி பண்ணிட்டேன்.”

“நீயா? இத்தனை வருஷம் இதே வேலை பார்க்கிற. ஒரு படத்தை ஒழுங்கா வைக்கத் தெரியாதா?”

ரிஹாப் தலை குனிந்தாள்.

“அந்தப் படத்தை வெச்ச அன்னிக்கு அவரு என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரும்மா.”