நாலு மணிக் கடிதம்

"காலமையே வந்த கடிதத்தை இவ்வளவு நேரமும் பொக்கற்றுக்கை வைச்சிருந்தனீங்களோ? நீங்கள் ஒரு மனுசனோ?"

றொமேஸ் போட்ட சத்தம் கிளிநொச்சிச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

சின்னராசா அண்ணை மணிக்கூட்டைப் பாத்தார். "நாலு மணியாச்சு. இந்தா, வாசி" எண்டு கடிதத்தை நீட்டினார்.

நாங்கள் ஏழு பேர். வெறிச்சுக் கிடந்த தோட்டக்காணியளிலை மிதிவெடி எடுக்கிறதுதான் வேலை. எங்களுக்குப் பொறுப்பு சின்னராசா அண்ணை. தொப்பியைக் கழட்டினா ஏச்சு. எல்லைக் கயித்துக்கு அங்காலை கால் வைச்சா ஏச்சு.

எல்லாத்தையும் பொறுக்கலாம். இந்தக் கடிதச் சட்டத்தைத்தான் பொறுக்கேலாது.

வவுனியா லொறி விடியவே வந்தாலும் கடிதம் வேலை முடிஞ்சுதான் கைக்கு வரும். அதை வாசிச்சவன் அடுத்த நாள் காணிக்குள்ளை இறங்கேலாது. கட்டாய லீவு.

வீட்டுக்காரரைப் பிரிஞ்சு மாசக்கணக்கிலை கிடக்கிற எங்களுக்கு, அந்த ஒரு துண்டுக் கடதாசிதானே உயிர்!

அதிலையும் றொமேசின்ரை பாடு பெரிய பாடு. மனிசி ஸ்ரெல்லா வவுனியாவிலை பிள்ளைப்பேறுக்கு நிக்கிறாள். முதல் பிள்ளை பிறந்த அண்டே தவறினது. ரெண்டு கிழமையா அவனுக்குச் சோறும் இறங்கேல்லை.

கடிதத்தைப் பிரிச்சான். நாங்கள் சுத்தி நிண்டம்.

"பொம்பிளைப் பிள்ளை... ரெண்டு பேரும் சுகமாம்!"

குந்தியிருந்து விக்கி விக்கி அழுதான். எங்களுக்கும் கண் கலங்கிப் போச்சு. பிறகு கோவம் திரும்பி வந்திட்டுது.

"காலமையே தந்திருந்தா நான் காலமையே சிரிச்சிருப்பனே, அண்ணை!"

"ஓம். சிரிச்சுக்கொண்டே மிதிவெடியிலை கம்பியைக் குத்தியிருப்பாய்."

"உங்களுக்கென்ன தெரியும்? உங்களுக்கு ஆரும் கடிதம் போட்டாத்தானே அந்த ஏக்கம் விளங்கும்!"

எனக்கே சுருக்கெண்டது. சின்னராசா அண்ணை லீவுத் துண்டிலை கையெழுத்து வைச்சு அவன்ரை கையிலை குடுத்திட்டு, கிணத்தடிக்குப் போயிட்டார்.

எங்களுக்குச் சமைக்கிற நேசமலர் அக்கா தேத்தண்ணிக் கேத்திலை டொக்கெண்டு வைச்சா.

"பொத்தடா வாயை! அவரின்ரை மனிசியும் மோளும் வவுனியா முகாமிலைதான் கிடக்கினம். வா இங்கை."

அவனைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு கொட்டிலுக்கை போனா. நானும் பின்னாலை போனன். அண்ணையின்ரை றங்குப்பெட்டியைத் திறந்து காட்டினா.

மடிச்ச சாரத்துக்கு மேலை ஒரு கட்டுக் கடிதம். மேலை கிடந்ததிலை 'அப்பாவுக்கு' எண்டு கோணல்மாணலா ஒரு குழந்தைப்பிள்ளையின்ரை எழுத்து.

றொமேஸ் ஒவ்வொண்டாத் திருப்பிப் பாத்தான். அவன்ரை முகம் செத்துப் போச்சு.

"என்னக்கா இது... ஒண்டையும் பிரிக்கேல்லையே?"

"வாசிச்சா அடுத்த நாள் லீவெல்லோ, மோனை. அவர் லீவிலை நிண்டா உங்களை ஆர் பாக்கிறது?"