ஆமாம் சொல்லும் கட்சி

"கோல்மனைப் போய்ப் பார்க்கணும். யார் போறீங்க?" என்று கேட்டார் எங்கள் கவுன்சிலர் நூலா.

கட்சி அலுவலகத்தில் யாரும் அசையவில்லை. வெளியே மழை. உள்ளே கணப்பில் தீ நன்றாகப் பிடித்திருந்தது.

ஐரோப்பிய ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் என்பது எங்கள் கட்சி அரசாங்கத்தின் நிலை. அயர்லாந்தில் அதற்கு ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டாக வேண்டும். கேட்டோம். 'இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் இப்போது மறுபடியும் கேட்கிறோம்.

எங்கள் ஊரில் 'இல்லை' என்றால் அது கோல்மன் கெராட்டிதான். அவர் வாயைப் பார்த்துத்தான் ஊரே ஓட்டுப் போடும்.

"அந்த ஆளு இன்னும் சதுப்பு நிலத்தை வெட்டிக்கிட்டிருக்கான். வீட்டுப் பக்கத்துல மலை மாதிரி குவிச்சு வெச்சிருக்கான்," என்றார் பள்ளி ஆசிரியர் ஃபின்டன், ஈர பூட்ஸைத் தீயின் பக்கம் நீட்டியபடி. "பருவநிலையைக் காப்பாத்தணும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி வருதில்ல, அதைப் படிச்சாலே அவனுக்கு எரியும்."

"தம்பி போகட்டுமே. சுற்றுச்சூழலுக்கு இவன்தானே பொறுப்பு," என்றார் நூலா, என்னைக் காட்டி.

மெதுவாகப் பேசுகிறவனுக்கு மறுப்பதும் மெதுவாகத்தான் வரும். நான் மறுத்து முடிப்பதற்குள் கையில் நோட்டீஸ் கட்டைத் திணித்துக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஃபின்டன் சொன்னது நிஜம். விறகு போல எரிப்பதற்காகச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்த சதுப்பு மண்கட்டிகள், கோல்மன் வீட்டுச் சுவரை ஒட்டிக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மனதுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டேன்.

கோல்மன் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சமையலறையில் இருந்தார். டீயும், வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொடுத்தார். திட்டுவதற்கு முன்பு ரொட்டி கொடுக்கிற ஊர் எங்களுடையது.

"சதுப்பு நிலம் உருவாக ஆயிரக்கணக்கான வருஷம் ஆகுதுங்க," என்று ஆரம்பித்தேன். "அதை எரிச்சா அத்தனையும் புகையா..."

"கொஞ்சம் சத்தமா சொல்லு தம்பி. பிரஸ்ஸல்ஸ் வரைக்கும் கேக்க வேணாமா?"

"விளையாட்டு இல்லீங்க. ஐரோப்பா முழுக்க இதைத்தான்..."

"உங்க அரசாங்கம் பிரஸ்ஸல்ஸ்ல பச்சைச் சட்டை போட்டுக்கும். ஊருக்குத் திரும்பினதும் கழட்டி மடிச்சு வெச்சுடும். அதனாலதான் போன தடவை இல்லைன்னேன்."

"நீங்க மட்டும் வெட்டலாமா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் முன்னால் குனிந்து என் கோட்டை முகர்ந்து பார்த்தார்.

"இதுல என் நிலத்து மண்ணோட புகை வாசம் அடிக்குதே."

"புரியலீங்க."

"இந்த வீட்டுல அதை எரிச்சு ரெண்டு வருஷமாச்சு. நிலத்துல நீள மூக்கோட ஒரு பறவை வந்து முட்டை வெச்சுது. அப்புறம் மனசு வரல. வெளிய குவிஞ்சிருக்கே, அது பூராவும் உங்க கட்சி ஆபீசுக்கு."

வாயிலிருந்த ரொட்டியை மெல்ல மறந்தேன். அந்தக் கணப்பில் என்ன எரிகிறது, எங்கிருந்து வருகிறது என்று சுற்றுச்சூழல் பொறுப்பாளன் ஒரு நாளும் கேட்டதில்லை. கதகதப்பாக இருந்தது, உட்கார்ந்திருந்தேன்.

"நூலாவோட அப்பா என் சிநேகிதன்," என்றார் கோல்மன். "அவ வந்து கேட்டா முடியாதுன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது. வெட்டி வெட்டி, இப்போ அந்தப் பறவை இருக்கிற ஓரம்தான் மிச்சம். வசந்தத்துல அதுவும் போயிடும்."

"நாங்க என்ன செய்யணும்?"

"நீங்களா வேண்டாம்னு சொல்லிடுங்க, போதும். உங்க போஸ்டரை என் கேட்டுல நானே கட்டுறேன். ஊரே ஆமாம் போடும்."

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன்.

"மசிஞ்சானா?" என்றார் ஃபின்டன்.

"சம்மதிச்சுட்டார். ஒரே ஒரு நிபந்தனை."

சொன்னேன். பறவையைப் பற்றியும் சொன்னேன். சொல்லிக்கொண்டே என் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கணப்பில் ஒரு கட்டி உடைந்து உள்ளே சரிந்தது.

"விறகு எரிக்கலாம்," என்றார் ஒருவர்.

"அதுல இந்தச் சூடு வராதே," என்றார் ஃபின்டன்.

நூலா தொண்டையைச் செருமினார். "நாம ஜனநாயகக் கட்சி. ஓட்டுக்கு விட்டுடலாம். இனிமே கோல்மன்கிட்ட வாங்க வேண்டாம்ங்கறவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கையும் மேலே போகவில்லை. எல்லாக் கைகளும் தீயின் பக்கம் நீண்டு குளிர்காய்ந்துகொண்டிருந்தன. மழையில் நனைந்து வந்தவன் என்பதால், எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது என் கைதான்.