தலைக்கு மேல் கம்பி

“மூங்கில் ஒரே ஒரு தடவைதான் சம்பந்தி உதவும். அதுவும் நாலு பேர் தூக்கும்போது” என்றார் நல்லசிவம், என் தூண்டிலைப் பார்த்து.

அவர் கையில் இருந்தது கிராஃபைட் கோல். ஜப்பானில் செய்தது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அதன் எடையை நகைக்கடைக்காரர் போல கிராமில் சொன்னார்.

அடையாறு முகத்துவாரத்தில் கொடுவா மீன் கடிக்கும் என் வழக்கமான இடத்தை அவருக்கே விட்டுக்கொடுத்தேன். ஒன்று மட்டும் சொன்னேன். கிராஃபைட்டில் மின்சாரம் பாயும். மேலே கம்பி போகிறது, கவனம்.

சிரித்தார்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, மயிலாப்பூர் மண்டபத்தில் அவர் சிரிக்கவில்லை. என் மகள் லாவண்யாவின் கல்யாண அழைப்பிதழில், உயிரோடு இருந்த அவர் அப்பாவின் பெயருக்கு முன்னால் அச்சகத்தில் ‘தெய்வத்திரு’ போட்டுவிட்டார்கள். படித்துப் பார்க்காதது என் தவறு. மன்னிப்புக் கேட்டேன்.

போதவில்லை. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, முந்நூறு பேர் முன்னால் காலில் விழச் சொன்னார். அந்தப் பெரியவர் காலில் என்றால் மனதார விழுந்திருப்பேன். தன் காலில் விழச் சொன்னார். நான் அவரைவிட ஆறு வயது மூத்தவன்.

விழுந்தேன். மாலையோடு நின்று லாவண்யா பார்த்தாள்.

அவருடைய ஜப்பான் தூண்டிலில் நூலை முதலில் தலைக்குப் பின்னால் பறக்கவிட்டு, பிறகுதான் முன்னால் வீச வேண்டும். நல்லசிவம் கோலை ஓங்கினார். தொய்ந்து தொங்கிய கம்பியை நோக்கி அதன் நுனி போனது.

“கரண்ட்! கோலை எறிஞ்சுட்டு கீழ படுங்க!” என்று கத்தினேன்.

எறிந்தார். ஜப்பான் கோல் ஆற்றோடு போனது. என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, கைகளை நீட்டிச் சேற்றில் குப்புற விழுந்தார்.

வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

“இன்னா நைனா, காலங்காத்தால பெருசு கால்ல வுழுந்துகினு கீற?” என்றான் ஒருவன்.

கரையில் காபி பிளாஸ்கோடு நின்று லாவண்யா பார்த்தாள்.

“தீர்க்காயுசா இருங்க சம்பந்தி” என்றேன். விழுந்தவரை வாழ்த்தாமல் விடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

மூங்கில் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையேறினேன்.

அந்தக் கம்பியில் மின்சாரம் நின்று ஏழு வருடம் ஆகிறது. மின்வாரியத்தில் நான் ஓய்வு பெற்ற அன்று கடைசியாகக் கையெழுத்துப் போட்டது, அந்த இணைப்பைத் துண்டிக்கும் உத்தரவில்தான்.