காதோர முடி

கழுத்தைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணிக்குள் அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. ஆசைப்பட்டு ஒட்ட வெட்டிக்கொண்டு, பேருந்தில் "தம்பி, தள்ளி நில்லுப்பா" என்று கேட்டுக் கேட்டுப் போதும் போதும் என்றாகி, மறுபடி வளர்க்கத் தொடங்கிய தலை இது. தொப்பியும் கிளிப்புமாகச் சமாளித்து, குருவிக்கூடு என்ற தங்கையின் கேலியையும் பொறுத்து, இப்போதுதான் காதோர முடி காதைத் தாண்டி இறங்கியிருக்கிறது. பின்கழுத்தில் மட்டும் அவ்வப்போது வெட்டிவிட்டால் அலங்கோலமில்லாமல் வளரும் என்று முடிதிருத்துகிறவள் சொன்னதை நம்பித்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"லேசாத்தானே அக்கா?"

"லேசாத்தாம்மா. எத்தன தடவ கேப்ப? தலைய ஆட்டாத."

குனிந்த தலைக்குக் கண்ணாடி தெரியவில்லை. பிடரியில் கத்தரியின் சில்லிப்பு மட்டும் ஊர்கிறது. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வர, அறையின் வெளிச்சமும் மங்குகிறது. உதவிக்கு நிற்கும் பெண் கையிலெடுத்த மெஷின் உறுமத் தொடங்குகிறது. கத்தரி காதுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. முதுகுப் பக்கமிருந்து முடிதிருத்துகிறவளின் குரல் உரக்கக் கேட்கிறது.

"எல்லாத்தையும் எடுத்துடு. ஒண்ணுகூட விடாத."

"ஐயோ, வேணாம்!" என்று அவள் விலுக்கெனத் தலையைத் திருப்புகிறாள்.

நறுக்.

மடியில், வெள்ளைத் துணியின் மேல், காதோர முடி கொத்தாக விழுந்து கிடக்கிறது. மெஷின் சத்தம் நிற்கிறது. முடிதிருத்துகிறவள் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்த போனை மெல்லக் கையில் எடுக்கிறாள். ஜன்னலில் முதல் தூறல் தெறிக்கிறது.

"மாடியில காயுற துணிய எடுக்கச் சொல்லி மககிட்ட பேசிக்கிட்டிருந்தேம்மா..."