பொன்விழாப் படம்

"உங்களுக்குப் பக்கத்திலை நிக்கமாட்டன். கலியாணத்தண்டைக்கு என்னைப் பாத்து ஊரே சிரிச்சது," என்று லூர்த்தம்மா ஸ்ரூடியோவில் முதுகை வளைத்துக்கொண்டு நின்றார்.

ஐம்பது வருடமாகியும் சூடைமீன் மணம் போகாத மரப்பெட்டியைச் சாக்கிலிருந்து எடுத்தார் கணவர் சிமியோன். "அண்டைக்கும் உதிலை ஏறி நிண்டுதான் படம் எடுத்தது."

படக்காரன் றோய் அதை வாங்கி லூர்த்தம்மாவின் காலடியில் வைத்தான்.

"ஏறினது அவ இல்லைத் தம்பி, நான். அவ நிமிர்ந்தால் நான் தோளுக்குத்தான் வருவன். பனையும் கள்ளுமுட்டியும் எண்டு சனம் சிரிக்கக் கூனினவ, இன்னும் நிமிரேல்லை."

றோய் பெட்டியைச் சிமியோன் பக்கம் நகர்த்தப் போனான்.

"விடு, அங்கேயே கிடக்கட்டும். லூர்த்து, இண்டைக்கு நீர் ஏறும்."

படத்தில் லூர்த்தம்மா நிமிர்ந்து நின்று சிரிக்கிறார். சிமியோன் காமராவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.