கடைசி சீட்டில் ஒரு ஹெல்மெட்

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நவநீதன் டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

முன்னால் மூன்றாவது சீட்டில் அவருடைய ஒரே மகள் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். அப்பா பின்னால் வருவது அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒரு மாத வைத்தியம் வீண்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, டவுனில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு இடம் பிடித்திருந்தாள். கையோடு ஒரு குண்டையும் தூக்கிப் போட்டாள்.

"பஸ் காவிரிப் பாலத்துல ஏறினாலே எனக்கு மூச்சு அடைக்குதுப்பா. என்னால தினம் போக முடியாது."

ஸ்ரீரங்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டாமல் டவுனுக்குப் போக வழி ஏது? திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் அவள் பாலத்தைத் தாண்டிப் பழகாவிட்டால் கிடைத்த சீட்டை விட்டுவிட வேண்டியதுதான். நவநீதனுக்கு அந்த நினைப்பே பொறுக்கவில்லை.

மனைவி பிரேமலதா யாரையோ விசாரித்து, பக்கத்துத் திருவானைக்கோவிலில் இருந்த மனநல ஆலோசகர் சம்ரீனிடம் மூவருமாகப் போக ஏற்பாடு செய்தாள்.

"பாலத்துல போறப்ப வேற என்னம்மா செய்யும்?" என்று சம்ரீன் கேட்டதற்கு தர்ஷினி திருதிருவென்று விழித்தாள். நவநீதன்தான் எடுத்துக் கொடுத்தார்.

"உள்ளங்கை வேர்க்கும் மேடம். காது ரெண்டும் அடைச்சுக்கும். நடுப்பாலத்துல பஸ் நின்னுட்டா, செத்துருவோம்னே தோணும்."

பெற்றவனுக்குத் தெரியாதா பிள்ளையின் கஷ்டம்? சம்ரீன் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். நாலு வாரம் மூச்சுப் பயிற்சி. மூவரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்றார், செய்தார்கள். பிறகு, "சனிக்கிழமை பாப்பா தனியா பாலத்தைத் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வரட்டும். நீங்க பின்னாடியே போயிடாதீங்க சார்" என்றார்.

"நான் எங்க மேடம் போறது? கடையை யாரு பாக்குறது?"

அது உண்மைதான். தெற்கு உத்திர வீதிப் பக்கம் அவருடைய ஜெராக்ஸ் கடை. அதைக் கட்டிக்கொண்டு அழுவதில் டவுன் பக்கம் போயே இரண்டு வருடம் ஆகிவிட்டது. டவுனைத் தாண்டிக் காட்டூரில் நடந்த தம்பி மகள் காதுகுத்துக்குக்கூட மொய்யைப் போனில் அனுப்பியதோடு சரி.

இன்று காலை, "பஸ் ஏத்தி விட்டுட்டு வந்துடறேன்" என்று பைக்கை எடுத்தபோது பிரேமலதா, "கடையை நான் திறந்துக்கறேன். நீங்க பொறுமையா வாங்க" என்றாள்.

மகளை ஸ்டாப்பில் விட்டுவிட்டுக் கிளம்புவதுபோல் கிளம்பித் தெருமுனையில் நின்று பார்த்தார். படியேறும்போது அவள் கால் தயங்கியது. அதற்குமேல் மனசு கேட்கவில்லை. பைக்கை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்து அவரும் ஏறிவிட்டார். பாலத்துக்கு முந்தின ஸ்டாப் மாம்பழச்சாலை. அதுவரை பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்று எண்ணம்.

கண்டக்டர் மூன்றாவது சீட்டுக்கு வந்தார். தர்ஷினி பர்ஸிலிருந்து பத்து ரூபாய் நாணயம் எடுத்து அவரிடம் நீட்டினாள். நவநீதனுக்குப் பகீரென்றது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதுகூடவா மறந்துபோகும்? பிள்ளை நிதானத்தில் இல்லை.

கண்டக்டர் பின்னால் வந்தார். நவநீதனிடம் டிக்கெட் கேட்கவில்லை. "பஸ்ஸுக்குள்ள ஹெல்மெட் கட்டாயம் இல்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாம்பழச்சாலை வந்தது. நவநீதன் எழுந்து படிக்கட்டில் கால் வைத்தார். கடைசியாக ஒருமுறை மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை முன்சீட்டுக் கம்பியில் கவிழ்ந்து கிடந்தது.

"இறங்குறீங்களா இல்லையா சார்?"

இறங்கவில்லை. விசில் கேட்டது, பஸ் நகர்ந்தது. நவநீதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தலையையே பார்த்தபடி நின்றார். மூச்சு விடுகிறாளா என்று அவள் தோள் ஏறி இறங்குவதைக் கவனித்தார். "நிமிரு தாயி, நிமிரு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற ஒரே பயம்தான். ஜன்னலுக்கு வெளியே என்ன போகிறது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தர்ஷினி நிமிர்ந்தாள், எழுந்தாள், இறங்கினாள். அவசரமாகத் தூணுக்குப் பின்னால் போய் நின்ற ஹெல்மெட்டிடம் நேராக வந்தாள்.

"இந்தாங்கப்பா, உங்க டிக்கெட்."

நவநீதன் ஹெல்மெட்டைக் கழற்றினார். அசடு வழிவதற்குக்கூட அவருக்கு அவகாசமில்லை. "மயக்கம் வந்துச்சாம்மா? எதுக்குத் தலையைக் கவுத்துக்கிட்ட?"

"நீங்க மாம்பழச்சாலையில இறங்கிடக் கூடாதுல்ல."

"நான் இறங்கினா உனக்கு என்ன? நீ பாலத்தைத் தாண்டுறதுக்குத்தானே இவ்வளவும்?"

தர்ஷினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்க நினைத்தாள். கண்தான் கலங்கியது.

"நான் இல்லப்பா, நீங்க. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் தாண்டிட்டீங்க."